செலீனியம் குளிசையும் நானும்: இரண்டரை வருடக் கணக்கு

எனக்குத் தைரொயிட் குறைபாடு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்கும் ஹஷிமோட்டோ வகை. விடியவே வெறும் வயிற்றில் தைரொக்சின் என்ற ஹோர்மோன் குளிசை போடுகிறேன். அப்படியும் அசதி போகவில்லை என்று சொன்னதும், அமெரிக்காவில் இருக்கும் தங்கச்சி 200 மைக்ரோகிராம் செலீனியம் குளிசைப் போத்தல் ஒன்றை அனுப்பிவைத்தாள். "அக்கா, தைரொயிடுக்கு நல்லதாம், எடுத்துப் பாருங்கோ."

அவள் சொன்னதில் பிழையில்லை. சுரப்பி தரும் ரி4 ஹோர்மோனை உடம்புக்கு உதவும் ரி3 ஆக மாற்றுகிற நொதிகளுக்குச் செலீனியம் என்ற தாதுச்சத்து வேண்டும். ஆனால் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவை வெறும் 55 மைக்ரோகிராம். போத்தலின் பின்பக்கத்தில் 364% என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. ஏழு மாதமாக அதைத் திருப்பிப் பார்க்கவே இல்லை.

அதற்குள் மல்டிவிட்டமின் ஒன்றும் சேர்ந்துவிட்டது. அதிலும் 55. லீவில் வந்த தங்கச்சி பிரேசில் நட்ஸ் கொண்டுவந்தாள், தேத்தண்ணியோடு நாளுக்கு நாலு சாப்பிட்டேன். ஒரு கொட்டையிலேயே எழுபது, தொண்ணூறு மைக்ரோகிராம் இருக்கலாம். இதெல்லாம் போக, திருக்கடலூரில் இருந்து வரும் சூரை மீன் எங்கள் வீட்டில் கிழமைக்கு நாலு நாள். நல்ல துண்டு ஒன்றிலேயே நாளுக்கு வேண்டியதை விடக் கூட வந்துவிடும்.

முதலில் வாயில் இரும்புச் சுவை. பிறகு, உள்ளியே சேர்க்காத நாளிலும் என் மூச்சில் உள்ளி மணக்குது என்று இவர் சொன்னார். பெருவிரல் நகத்தில் குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தது, தேங்காய் துருவும்போது நுனி ஓடு மாதிரி உடைந்தது. சீப்பில் கொத்தாக முடி. தைரொயிட் குறைந்தாலும் முடி கொட்டும்தானே, அதனால் செலீனியத்தை இன்னும் ஒழுங்காகப் போட்டேன். இந்த இடத்தில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள்: தைரொயிட் குறைவுக்கும் செலீனியம் மிகைக்கும் சில அறிகுறிகள் ஒன்றுதான்.

கிளினிக் டொக்டர் எல்லாப் போத்தலையும் கொண்டுவரச் சொன்னார். துண்டொன்றின் பின்பக்கம் எழுதிக் கூட்டினார். மீனை விட்டாலே 500க்கு மேல். அமெரிக்காவில் சொல்லும் உச்ச வரம்பு 400, ஐரோப்பாவில் 2023இல் அதை 255 ஆகக் குறைத்துவிட்டார்கள். அன்றோடு குளிசையையும் நட்ஸையும் நிறுத்தினேன். மூச்சு மணம் சில கிழமைகளில் போனது. நகக்கோடு மேலே வளர்ந்து வெட்டுப்பட அரை வருடம் ஆனது.

பலன் இருந்ததா என்றால், சுரப்பிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புடல் எண்ணிக்கை கொஞ்சம் இறங்கியது உண்மை. தைரொக்சின் அளவு ஒரு சொட்டும் மாறவில்லை. அசதிக்குக் காரணம் இரும்புச்சத்துக் குறைவு என்று பிறகுதான் தெரிந்தது. இரும்புக் குளிசையைத் தைரொக்சினுக்கு நாலு மணித்தியாலம் தள்ளிப் போடத் தொடங்கிய பிறகே மாடிப்படி ஏற முடிந்தது.

செலீனியமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தைரொயிட் மிகையாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோயில் கண் லேசாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு வைத்தியர்கள் ஆறு மாதம் கொடுப்பதுண்டு, அதற்கு ஆய்வு ஆதாரம் இருக்கிறது. புற்றுநோயைத் தடுக்கும் என்று நம்பி எடுப்பதுதான் வீண். 35,000க்கும் மேற்பட்ட ஆண்களைச் சேர்த்து, அவர்களில் ஒரு பகுதியினருக்கு 200 மைக்ரோகிராம் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வில் புரொஸ்டேட் புற்றுநோய் குறையவில்லை. நீண்ட நாள் எடுத்தால் நீரிழிவு வரும் வாய்ப்புக் கூடலாம் என்ற கவலையும் இருக்கிறது. 2008இல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்துமருந்தில் லேபலில் போட்டதைப் போல 200 மடங்கு செலீனியம் கலந்துபோய், 201 பேருக்கு வயிற்றோட்டமும் முடிகொட்டலும் வந்தது. எனவே லேபலை வாசிப்பதோடும் காரியம் முடியாது.

இப்போது எனக்கு மீனும் முட்டையும் போதும். போன கிழமை பக்கத்து வீட்டு மாமி மிச்சப் போத்தலைத் தரச்சொல்லிக் கேட்டா. அவவுக்கு ஏற்கெனவே சீனி வருத்தம். "மாமி, முதல் டொக்டரிட்ட கேப்பம்" என்றேன். செவ்வாய்க்கிழமை இரண்டு பேருமாகக் கிளினிக்குக்குப் போகிறோம், அவவின் எல்லாக் குளிசைகளும் ஒரே பையில்.