ஐப்பசி மழையும் தீபாவளிச் சரக்கும்: கடைக்கு எந்த பாலிசி?

திருப்பாதிரிப்புலியூரில் உள்ள எங்கள் ஜவுளிக்கடைக்கு இந்த முறை பாலிசி எடுக்கும்போது மூன்று வழிகள் இருந்தன. கடனுக்காக வங்கி போட்டுத் தரும் பாலிசியோடு நின்றுவிடுவது ஒன்று. கடைக்காரர்களுக்கான பேக்கேஜ் பாலிசி இரண்டாவது. நாமே சரக்கைக் கணக்குப் பார்த்து, சிறு தொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியை முழு மதிப்புக்கு எடுப்பது மூன்றாவது. மூன்றாவதைத்தான் எடுத்தோம். கடலூர், புதுச்சேரிப் பக்கம் சரக்கு அடுக்கி வியாபாரம் செய்கிறவர்களுக்கு அதுதான் சரி என்பது என் முடிவு.

பேக்கேஜைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தீ, திருட்டு, கல்லாவில் இருக்கும் பணம், வங்கிக்குக் கொண்டுபோகும் பணம், முகப்புக் கண்ணாடி என்று வேண்டியதை ஒரே பாலிசியில் சேர்த்துக்கொள்ளலாம். வருஷம் முழுக்கச் சரக்கு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும் சின்னக் கடைகளுக்கு வசதிதான். வெள்ளம் இருக்கிறதா என்று மட்டும் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கி போடுவதும் இப்போது பல நேரம் அதே சூக்ஷ்ம பாலிசிதான். ஓரிடத்தில் சொத்தும் சரக்கும் சேர்ந்து 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்களுக்காக 2021 ஏப்ரலில் வந்தது அது. புயலும் வெள்ளமும் அதிலேயே அடக்கம். வித்தியாசம் முழுக்கக் காப்பீட்டுத் தொகையில்தான். வங்கிக்குத் தன் கடன் பத்திரமாக இருந்தால் போதும். 30 லட்சம் கடன் என்றால் 30 லட்சத்துக்குப் போட்டுவிடும். கடையில் 60 லட்சத்துக்குச் சரக்கு இருந்தால்?

மிச்ச 30 லட்சத்துக்குத்தானே காப்பீடு இல்லை, 12 லட்சம் நஷ்டம் வந்தால் 12 லட்சமும் கிடைத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கிடைக்காது. பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு என்பதால் நஷ்டத்திலும் பாதி, 6 லட்சம்தான் தருவார்கள். அதுவும் முதலில் கடன் கணக்குக்குப் போகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூருக்குள் புகுந்தபோது, தெரிந்த ஒருவரின் ஜவுளிக் குடோனில் இதுதான் நடந்தது. நனைந்தது கீழ் இரண்டு தட்டு மட்டும். நஷ்டத்தை மதிப்பிட வந்த காப்பீட்டு சர்வேயர் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அளந்தார், நனைந்த கட்டுகளை எண்ணினார். அப்புறம் கேட்டது நனையாத சரக்கின் கணக்கை. மேல் தட்டுகளில் காய்ந்து பத்திரமாக இருந்த சேலைகள்தான் க்ளெய்ம் தொகையைக் குறைத்தன.

சூக்ஷ்ம பாலிசியில் இதற்கு ஒரு சலுகை உண்டு. தொகை 15 சதவீதம் வரை குறைவாக இருந்தால் கண்டுகொள்ள மாட்டார்கள். 60 லட்சம் சரக்குக்கு 51 லட்சம் போட்டிருந்தாலும் வெட்டு இல்லை. 50 என்றால் வெட்டு உண்டு.

ஆகவே எந்தத் தேதியின் சரக்கை வைத்துத் தொகை போடுவது என்பதே மொத்த விஷயமும். ஆடிட்டர் கையில் இருப்பது மார்ச் 31 கணக்கு. ஜவுளியில் அப்போது தட்டுகள் பாதி காலி. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் குடோன் கூரை வரை நிறையும். நம் கரைக்குப் புயல் வரும் மாதங்களும் அவையே. தானே புயல் வந்தது 2011 டிசம்பர் 30. 2015 வெள்ளம் நவம்பரில். சரக்கு உச்சத்தில் இருக்கும்போதுதான் தண்ணீரும் வருகிறது. அதனால் போன அக்டோபரின் இருப்பைக் கொள்முதல் விலையில் கணக்கிட்டு, விலையேற்றத்துக்குக் கொஞ்சம் சேர்த்து, அதையே வருஷம் முழுமைக்கும் தொகையாகப் போட்டோம். கூடுதல் பிரீமியம் சில ஆயிரங்களில் முடிந்தது. சீசனுக்கு மட்டும் இடையில் தொகையை ஏற்றிக்கொள்ளவும் வழி இருக்கிறது. ஆனால் புயல் எச்சரிக்கை வந்தபின் போய் நின்றால் ஏற்க மாட்டார்கள். கடை வேலையில் அதை நினைவு வைத்திருப்பதும் சிரமம்.

இன்னொன்று, அழிந்த சரக்குக்கு எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டை, அதாவது கொள்முதலில் கட்டிய வரிக்காகக் கழித்துக்கொண்ட தொகையை, திருப்பிக் கட்ட வேண்டிவரும். வரியையும் சேர்த்துத் தொகை போட முடியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது. குடோன் வேறு தெருவில் இருந்தால் அந்த முகவரியும் பாலிசியில் ஏறியிருக்க வேண்டும்.

சூக்ஷ்ம பாலிசியில் குறையும் உண்டு. புயல், வெள்ளம் போன்றவை நடந்த 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டும்தான் அதில் பாதுகாப்பு. பூட்டை உடைத்துத் திருடினால் அதற்குத் தனி பாலிசி வேண்டும். நாங்கள் எடுத்திருக்கிறோம். மொத்தச் சரக்கையும் ஒரே ராத்திரியில் யாரும் தூக்கிப் போக முடியாது என்பதால், மதிப்பில் ஒரு பங்குக்கு மட்டும் எடுக்கவும் நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன.

கடை மூடிக் கிடக்கும் நாட்களின் வருமான இழப்புக்கும் தனி பாலிசி உண்டு. அதை நாங்கள் எடுக்கவில்லை, எடுத்துப் பணம் வாங்கியவர் யாரையும் பார்த்ததும் இல்லை. அதனால் எடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல மாட்டேன். எங்கள் புதிய பாலிசியிலும் இன்னும் க்ளெய்ம் போட நேரவில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டரையும் கொள்முதல் பில்களையும் மட்டும் வாராவாரம் கடைக்கு வெளியே ஒரு நகல் எடுத்து வைக்கிறோம்.