பெரிய கப்பலா, ஸ்பீட் கேட்டமரானா, ஸ்கோபெலிடிஸா? குட்டி கிரேக்கத் தீவுகளுக்கு எதுல போறது

சான்டோரினி, மிக்கோனோஸ் கூட்டம் வேணாம், அமைதியா ஒரு தீவு சொல்லுங்கன்னு யாராச்சும் கேட்டா நான் கை காட்டறது நக்சோஸுக்கும் அமோர்கோஸுக்கும் நடுவுல கிடக்கற குட்டித் தீவுங்கள தான். இராக்லியா, ஸ்கினூசா, கூஃபோநீசியா, கொஞ்சம் வடக்க தள்ளி டொனூசா. ஒவ்வொண்ணுலயும் வருஷம் பூரா இருக்கறவங்க சில நூறு பேர் தான், எதுலயும் ஏர்போர்ட் கிடையாது, கிட்டத்துல ஏர்போர்ட்னா நக்சோஸ் தான். அதனால எப்படிப் பாத்தாலும் கப்பல் ஏறியே ஆகணும். அதுல மூணு வழி இருக்கு, பெரிய கப்பல், ஸ்பீட் கேட்டமரான் (ரெண்டு அடிப்பாகம் வச்ச வேகக் கப்பல்), அப்புறம் ஸ்கோபெலிடிஸ்ங்கற உள்ளூர் சின்னக் கப்பல், மூணும் மூணு மாதிரி.

முதல்ல பெரிய கப்பல். ஏதென்ஸோட துறைமுகமான பைரேயஸ்ல இருந்து ப்ளூ ஸ்டார் கம்பெனி கப்பல் பாரோஸ், நக்சோஸ் வழியா இந்த குட்டித் தீவுங்களத் தொட்டுட்டு அமோர்கோஸ் போகும். நக்சோஸுக்கே அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும், கூஃபோநீசியா வரைக்கும்னா ஏழெட்டு மணி நேரம். நேரத்த மட்டும் பாத்தா யாரும் எடுக்க மாட்டாங்க, ஆனா எனக்கு இதுல போறது தான் புடிக்கும். வெளிய டெக்ல போய் உக்காரலாம், ஒரு ஃப்ரெட்டோ, அதான் ஐஸ் போட்ட காபியும் சீஸ் வச்ச பஃப்ஸும் வாங்கிட்டு தீவு மாத்தி தீவு வர்றதப் பாத்துட்டே போலாம், நக்சோஸ் ஹார்பருக்குள்ள நுழையறப்ப போர்ட்டாரா, அதான் அந்த பழைய கோயிலோட பளிங்கு வாசல், தனியா நிக்கும் பாருங்க, அத டெக்ல இருந்து பாக்கறதுக்கே இந்தக் கப்பல் எடுக்கலாம்.

இறங்கறது ஒரு தனி வேலை. ஏறும்போதே கீழ கார் நிக்கற கேராஜ்ல ஒவ்வொரு தீவு பேரும் எழுதி லக்கேஜ் ராக் இருக்கும், உங்க தீவு ராக்ல பெட்டிய வச்சிட்டு மேல போயிடணும். தீவு கிட்ட வந்ததும் அனௌன்ஸ்மெண்ட் வரும், எல்லாரும் கேராஜுக்கு இறங்கி பெட்டியோட நிப்பாங்க, கப்பல் அப்படியே திரும்பி பின்பக்கமா கரைய ஒட்டி வரும், முழுசா நிக்கறதுக்கு முன்னாடியே ரேம்ப் இறங்க ஆரம்பிக்கும், சங்கிலி சத்தம், டீசல் வாசன, விசில் ஊதறவர் "சீக்கிரம் சீக்கிரம்"னு கை காட்டுவார், அஞ்சு பத்து நிமிஷத்துல இறங்கறவங்க இறங்கி ஏறறவங்க ஏறி கப்பல் கிளம்பிடும். மேல சீட்ல தூங்கிட்டிருந்தா அடுத்த தீவுல தான் இறங்கணும். சில நாள் சர்வீஸ் சாயங்காலம் கிளம்பி குட்டித் தீவுக்கு நடுராத்திரி வாக்குல தான் சேரும், ரூம்காரங்ககிட்ட முன்னாடியே சொல்லி வச்சிடுங்க, பல பேர் துறைமுகத்துக்கே வண்டி எடுத்துட்டு வருவாங்க.

அடுத்தது ஸ்பீட் கேட்டமரான், சீஜெட்ஸ் மாதிரி கம்பெனிங்க ஓட்டறது. பயண நேரத்துல ரெண்டு மூணு மணி நேரம் மிச்சம், டிக்கெட் ஏறக்குறைய ஒன்றரை மடங்குல இருந்து ரெண்டு மடங்கு வரைக்கும் போகும். சீட் நம்பர் போட்டு உள்ள உக்காரணும், ஏசி, கண்ணாடி ஜன்னல், பல கப்பல்ல வெளிய நிக்க எடமே இருக்காது, கடல்ல போற உணர்வே வராது. அதோட பெரும்பாலும் சீசன்ல மட்டும் தான் ஓடும், நவம்பர்ல போனா இந்தப் பேச்சே இல்ல.

ஆனா நேரம், காசு ரெண்டையும் விட பெரிய விஷயம் காத்து. ஜூலை ஆகஸ்ட்ல மெல்டெமின்னு வடக்க இருந்து ஒரு காத்து அடிக்கும், வானம் பளிச்னு நீலமா இருக்கும், ஒரு மேகம் இருக்காது, ஆனா கடல் கொதிக்கும். காத்து ஒரு அளவத் தாண்டினா துறைமுக அதிகாரிங்க கப்பல் கிளம்பக் கூடாதுன்னு தடை போட்டுடுவாங்க. பொதுவா பெரிய கப்பல் 8 போஃபோர்ட் (காத்தோட பலத்த அளக்கற அளவு) வரும்போது தான் நிக்கும், ஸ்பீட் கப்பலும் சின்னதுங்களும் அதுக்கு முன்னாடியே நின்னுடும். இந்த விஷயத்துல அவங்க கண்டிப்பா இருக்கறதுக்குக் காரணம் இருக்கு. 2000 செப்டம்பர் 26 ராத்திரி பலத்த காத்துல எக்ஸ்பிரஸ் சமீனான்னு ஒரு கப்பல் பாரோஸ் துறைமுகத்துக்கு வெளிய இருக்கற பாறையில மோதி முழுகி எண்பது பேருக்கும் மேல செத்துப் போனாங்க. தடை போட்டா எரிச்சல் வரும் தான், ஆனா அது நம்ம உயிருக்காகப் போடறது.

அதனால ஆகஸ்ட்ல நாள் கணக்கா டூர் போட்டவங்க ஸ்பீட் கப்பல நம்பி ஏதென்ஸ் ஃப்ளைட்ட புடிக்காதீங்க. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி கப்பல் ரத்தானாலோ, கிளம்பறதுக்கு 90 நிமிஷத்துக்கு மேல லேட் ஆனாலோ டிக்கெட் காசு திருப்பிக் கேக்கலாம், இல்லன்னா வேற கப்பல்ல அனுப்பச் சொல்லலாம், ஆனா காரணம் வானிலைன்னா நஷ்டஈடும் வராது, ராத்திரி தங்க ஹோட்டல் செலவும் அவங்க தர வேண்டியதில்ல. விட்ட ஃப்ளைட்டு உங்க தலையில தான்.

மூணாவது தான் என் செல்லம், எக்ஸ்பிரஸ் ஸ்கோபெலிடிஸ். பேருல தான் எக்ஸ்பிரஸ், போறது மெதுவா. 1986ல கட்டின சின்னக் கப்பல், அமோர்கோஸ்ல கட்டபோலா துறைமுகத்துல இருந்து காலங்காத்தால கிளம்பி தீவு தீவா நின்னு நக்சோஸ் வந்து, மத்தியானத்துக்கு மேல அதே மாதிரி திரும்பிப் போகும். குளிர்காலத்துலயும் ஓடும். இது டூரிஸ்ட்டுக்காக ஓடற கப்பலே இல்ல, தீவுக்காரங்க டாக்டரப் பாக்க, பேங்க் வேலைக்கு, சாமான் வாங்க நக்சோஸ் போயிட்டு அன்னைக்கே வீடு திரும்பறதுக்காக ஓடறது. சாயங்காலம் திரும்பும்போது பாத்தா தக்காளிப் பெட்டி, தண்ணி பாட்டில் கட்டு, வாஷிங் மெஷின்னு எல்லாம் கூடவே வரும், ஒவ்வொரு துறைமுகத்துலயும் பாதி ஊரே வந்து நிக்கும்.

ஆனா ஆடும். நல்லாவே ஆடும். வயித்தக் கலக்கறவங்க மாத்திரைய ஏறறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே போட்டுக்கோங்க, பின்பக்கமா நடுவுல உக்காருங்க, போன நோண்டாம தொடுவானத்தப் பாருங்க. இராக்லியா, ஸ்கினூசா பக்கம் நக்சோஸ் மலை காத்த ஓரளவு மறைச்சிடும், டொனூசா பக்கம் அந்த மறைப்பு கிடையாது, அங்க போறப்ப தான் அலை நேரா பக்கவாட்டுல வந்து அடிக்கும்.

என்னைக் கேட்டா பைரேயஸ்ல இருந்து வர்றதும் திரும்பறதும் பெரிய கப்பல், தீவு விட்டு தீவு தாவறது ஸ்கோபெலிடிஸ். ஸ்பீட் கப்பல் ஜூன் முதல் பாதியிலயோ செப்டம்பர் கடைசியிலயோ, காத்து அடங்கின நாளா பாத்து, கையில மூணே நாள் லீவு இருக்கறவங்களுக்கு சரி. கைக்குழந்தையோட போறவங்க, கடல் ஒத்துக்காதவங்க நேரத்தப் பாக்காம பெரிய கப்பல்லயே நேரா கூஃபோநீசியாவுக்கு டிக்கெட் போடுங்க. ஸ்கோபெலிடிஸ் பொதுவா ஞாயித்துக்கிழமை ஓடாது, டொனூசாவுக்கு எல்லா நாளும் போகாது, அதனால முதல்ல அதோட டைம்டேபிளப் பாத்துட்டு அப்புறமா ரூம் போடுங்க.