ஓம் பட்டனா, டாங் டெஸ்டரா, ஈபி மீட்டரா: வாட் கணக்குக்கு எதை நம்பலாம்?

வீட்டில் கிடந்த பழைய 60 வாட் குண்டு பல்பை மல்டிமீட்டரில் ஓம் பக்கம் வைத்து அளந்தேன். 65 ஓம் என்றது. வீட்டு வோல்டேஜ் 230. அந்த 230-ஐ 230-ஆல் பெருக்கி 65-ஆல் வகுத்தால் 814 வாட் வருகிறது. குண்டு பல்புக்குள் இஸ்திரிப் பெட்டியா ஓடுகிறது?

மீட்டரும் பொய் சொல்லவில்லை, சூத்திரமும் பொய் சொல்லவில்லை. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம், இரண்டையும் பெருக்கினால் வாட். இரண்டையும் சேர்த்தால், வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி ஓமால் வகுத்தாலும் வாட். பள்ளியில் படித்தது அப்படியே செல்லும். ஆனால் அந்த எண்களை எந்த நிலையில், எதை வைத்து எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு வீட்டுக்காரர் கையில் மூன்று வழி உண்டு: மல்டிமீட்டரின் ஓம் பட்டன், ஒயரைத் தாடையால் கவ்வி ஆம்பியர் காட்டும், எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் டாங் டெஸ்டர், வாசலில் தொங்கும் ஈபி மீட்டர்.

முதலில் ஓம். மல்டிமீட்டர் தன் பேட்டரியிலிருந்து துளி மின்சாரம் அனுப்பித்தான் தடையைக் காண்கிறது. அதாவது பொருள் ஆறிக் கிடக்கும்போது உள்ள தடை. பல்பின் டங்ஸ்டன் இழை எரியும்போது 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும், தடையும் கூடவே ஏறும். எரிகிற 60 வாட் பல்பின் தடை சுமார் 882 ஓம், ஆறியபோது இருந்ததைப் போல 13 மடங்குக்கு மேல். சுவிட்ச் போட்ட அந்தக் கணத்தில் மட்டும் 65 ஓம்தான் குறுக்கே நிற்கிறது, அதனால் கால் ஆம்பியர் போக வேண்டிய இடத்தில் மூன்றரை ஆம்பியர் பாயும். குண்டு பல்பு பெரும்பாலும் போட்டவுடனே ஃபியூஸ் போனது இதனால்தான்.

இஸ்திரிப் பெட்டி, கீசர் கதை வேறு. அவற்றின் காயில் நிக்ரோம், அதாவது நிக்கல்-குரோமியம் கலவைக் கம்பி. சூடானாலும் தடை சில சதவீதமே நகரும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்குக் கணக்குப்படி 52.9 ஓம், மீட்டரிலும் அதை ஒட்டித்தான் வரும். ஒரு எச்சரிக்கை: தெர்மோஸ்டாட் குமிழ் ஆஃபில் இருந்தால் மீட்டர் எதுவும் காட்டாது. நான் ஒருமுறை அதைப் பார்த்து எலிமென்ட் போச்சு என்று முடிவு கட்டி, பெட்டியையே கழற்றிப் போட்டேன். குமிழைத் திருப்பினால் வேலை செய்திருக்கும்.

ஃபேனை ஓமில் அளந்து வாட் போடவே கூடாது. வைண்டிங் 200 ஓம் காட்டினால் கணக்கு 264 வாட் என்னும், ஓடுவதோ 75 வாட் ஃபேன். வீட்டுக்கு வருவது திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம்; அதில் காயிலின் தூண்டலும் (மாறும் மின்சாரத்தைக் காயிலின் காந்தப்புலம் எதிர்ப்பது) சேர்ந்து எதிர்க்கிறது, அது ஓம் மீட்டர் கண்ணில் படாது. ஆக, ஓம் பட்டன் ஒரு டாக்டர் மாதிரி: உயிர் இருக்கிறதா என்று சொல்லும், எவ்வளவு சாப்பிடும் என்று சொல்லாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும், இதை மறக்காதீர்கள்.

டாங் டெஸ்டர் ஓடும்போதே அளக்கிறது, அதுதான் அதன் பலம். சாயங்காலம் வோல்டேஜ் 200-க்கு இறங்கினால், அதே இஸ்திரிப் பெட்டி 3.78 ஆம்பியர்தான் இழுக்கும். பெருக்கினால் 756 வாட். லேபிளில் 1000 என்று அச்சடித்திருப்பது அதில் சொன்ன வோல்டேஜுக்கு மட்டும். வோல்டேஜ் 13 சதவீதம் குறைந்தால் சூடு கால்வாசி போய்விடுகிறது, துணி சுருக்கம் போகவில்லை என்று பெட்டியைத் திட்டிப் பயனில்லை.

பிடிக்கும்போது ஒற்றை ஒயரை மட்டும் பிடிக்க வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்துக் கவ்வினால் ஒன்றை ஒன்று அடித்துப் பூஜ்யம் காட்டும். சின்ன சுமை என்றால் அந்த ஒயரைத் தாடைக்குள் பத்துச் சுற்றுச் சுற்றி, வந்ததைப் பத்தால் வகுத்துக்கொள்ளலாம். ஆனால் எல்இடி பல்பு, சார்ஜர் பக்கம் வந்தால் இதுவும் தடுமாறும். பவர் ஃபேக்டர் (வோல்ட்-ஆம்பியர் பெருக்கலில் நிஜ வாட்டாகும் பங்கு) குறைவான ஒரு 9 வாட் பல்பு 0.07 ஆம்பியர் இழுத்தால் பெருக்கல் 16 என்று வரும். அது வோல்ட்-ஆம்பியர், வாட் அல்ல. இன்வெர்ட்டர் வாங்கப் போகிறவருக்கு அந்த 16 தேவை, பில்லைப் பார்ப்பவருக்கு அந்த 9 போதும்.

பில்லுக்கு என்றால் என் ஓட்டு ஈபி மீட்டருக்குத்தான். காசு செலவில்லை, ஒயரைத் தொடவும் வேண்டாம். பவர் ஃபேக்டரையும் சேர்த்து நிஜ வாட்டைத்தான் அது எண்ணுகிறது, நாம் பணம் கட்டுவதும் அதற்குத்தான். மீட்டரில் ஒரு சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும்; ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்று முகப்பில் அச்சிட்டிருக்கும். 3200 என்று வையுங்கள். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல், அப்படியானால் ஒரு மினுக்குக்கு 1,125 ஜூல்; நொடிக்கு ஒரு ஜூல் என்பதுதான் ஒரு வாட். மற்றதை எல்லாம் அணைத்துவிட்டு, செல்போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து 20 மினுக்கு எண்ணுங்கள். 20 மினுக்குக்கு 22,500 ஜூல்; அதை ஆன நொடிகளால் வகுத்தால் வாட். இருபத்திரண்டரை நொடி ஆனால் 1000 வாட், 30 நொடி ஆனால் 750. உங்கள் மீட்டரில் 1600 என்று போட்டிருந்தால் விடையை இரண்டால் பெருக்குங்கள்.

ஒற்றை எல்இடி பல்புக்கு இது பொறுமைச் சோதனை. 9 வாட்டுக்கு ஒரு மினுக்கு விழ இரண்டு நிமிஷம் ஆகும். அப்புறம் ஃப்ரிட்ஜ். கம்ப்ரஸர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அதனால் மினுக்கு எண்ணுவதில் அர்த்தமில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது ஃப்ரிட்ஜைத் தவிர எல்லாவற்றையும் அணைத்து ரீடிங்கை ஒரு போட்டோ எடுங்கள், திரும்பி வந்ததும் இன்னொன்று. வித்தியாசத்தை நாட்களால் வகுத்தால் ஃப்ரிட்ஜின் ஒரு நாள் யூனிட் கிடைத்துவிடும். கதவையே திறக்காத நாட்கள் என்பதால், வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும்.