ஜமோவி: மாறியின் வகையைக் கண்முன் நிறுத்தும் மென்பொருள்

கருத்தாய்வுத் தரவுகளைக் கொண்டு ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்கு, ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியின் அடித்தளத்தில் இயங்கும் ஜமோவி மென்பொருளைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இலவசம் என்பது ஒரு காரணம். மாறி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை அது எப்போதும் கண்ணில் படும்படி வைத்திருப்பதே முதன்மைக் காரணம். எடை போல அளந்து பெறும் தொடர் மாறிக்கு அளவுகோல், தர வரிசையை மட்டும் காட்டும் வரிசை மாறிக்குப் பட்டைகள், பாலினம் போல வகையை மட்டும் குறிக்கும் பெயரளவு மாறிக்கு வட்டங்கள் என நெடுவரிசைத் தலைப்பில் தெரியும் சின்னங்களே பகுப்பாய்வுப் பெட்டிகளின் மூலையிலும் இருக்கின்றன.

ஒரு மாறியை மற்ற மாறிகளைக் கொண்டு கணிக்கும் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வில் இதன் அருமை புரியும். மதிப்பெண்ணைச் சார்ந்த மாறியாகவும், படிக்கும் நேரத்தையும் வசிப்பிடத்தையும் சாரா மாறிகளாகவும் கொள்வோம். நேரம் இணைமாறிப் பெட்டிக்கும், சிற்றூர், பேரூர், மாநகர் எனப் பிரியும் வசிப்பிடம் காரணிப் பெட்டிக்கும் போகின்றன. சிற்றூரை அடிப்படையாகத் தேர்ந்தால், மற்ற இரண்டும் அதிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பது தனித்தனி வரியில் கிடைக்கிறது. எஸ்பிஎஸ்எஸ் என்ற மற்றொரு புள்ளியியல் மென்பொருளின் வழக்கமான நேரியல் தொடர்புப் போக்கில் இதற்கான போலி மாறிகளை (வகையை 0, 1 எனக் குறிப்பவை) நாமே உருவாக்க வேண்டும். அதைச் செய்யாமல் 1, 2, 3 என்ற குறியீடுகளை அப்படியே கொடுத்தால், மூன்றுக்கும் இடையே சமதூரம் இருப்பதாகக் கொண்டு ஒரேயொரு கெழுவை (விளைவின் அளவைக் காட்டும் எண்ணை) அது தந்துவிடும். அந்தக் கெழுவுக்கு விளக்கமும் எழுதிய ஆய்வேடுகள் உண்டு!

ஜமோவியிலும் குறை இருக்கிறது. சில மதிப்புகளே திரும்பத் திரும்ப வரும் முழு எண்களைப் பெயரளவு மாறி என அது ஊகிப்பதால், ‘முற்றிலும் மறுக்கிறேன்’ முதல் ‘முற்றிலும் ஏற்கிறேன்’ வரையிலான ஐந்து புள்ளி லிக்கர்ட் விடைகளை நாமே வரிசை மாறியாகத் திருத்த வேண்டியிருக்கிறது. பாலினத்தை 1, 2 என்று எண்ணாக உள்ளிட்டிருந்தால், தொடர் மாறிக்குரிய பெட்டியில் அதை இட்டாலும் தடுப்பதில்லை. ‘ஆண்’, ‘பெண்’ என எழுத்தாகவே உள்ளிட்டால்தான் மறுக்கிறது. ஆகவே சொற்களாகவே உள்ளிடுவது நல்லது.

உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1946இல் வகுத்த நான்கு அளவைகளில், உண்மையான சுழி இல்லாத இடைவெளி அளவையும் அது உள்ள விகித அளவையும் இங்கே தொடர் மாறி என்ற ஒன்றில் அடங்கிவிடுகின்றன, எஸ்பிஎஸ்எஸ்ஸிலும் அப்படித்தான். கணக்கீட்டுக்கு இதனால் கேடில்லை என்றாலும், 40 பாகை செல்சியஸ் என்பது 20 பாகையின் இருமடங்கு வெப்பமன்று என்பதை ஆய்வாளர்தான் நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரு மாறியின் விளைவை மற்றொன்றுக்குக் கடத்தும் இடையீட்டு மாறிகளைச் சோதிக்க மெட்மாட் என்ற இலவசக் கூறினைத் தனியே நிறுவிக்கொள்ளலாம். ஒரே இடையீட்டு மாறி கொண்ட எளிய மாதிரிக்கே அது பொருந்தும். அதற்கு மேல் வேண்டுவோர் வேறு கூறுகளை நாட வேண்டும்.