ஸ்டேஷன் பிடிக்கும் இழைப்புளி

அலுவலக நண்பர் போன வாரம் கேட்டார்: "நீங்க வெச்சிருக்கீங்களே, அதே நாலாம் நம்பர் இரும்பு இழைப்புளி இப்ப விலை இறங்கியிருக்கு. வாங்கலாமா சார்?" அப்போதே வாங்குங்கள் என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். சாயங்காலம் சொல்கிறேன் என்று தள்ளிப்போட்டேன். அன்றைக்குச் சாயங்காலம்தான் மழையில் உப்பிப் போன பின்கட்டுக் கதவை இழைக்க வேண்டியிருந்தது.

2 அங்குலத் தகடு, அதாவது மரத்தைச் சீவும் பிளேடு, ஒன்பதரை அங்குல உடம்பு, 45 டிகிரி சாய்வு. நாலாம் நம்பர் என்றாலே அவ்வளவுதான், அதில் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். கம்பெனிப் பெயர் வேண்டாம். கடைக்காரர் எடுத்து வைத்ததை வாங்கி வந்தவன் நான்.

என் பிரச்சினை பின்னால் இருக்கும் அந்தப் பித்தளைத் திருகு. தகடு எவ்வளவு வெளியே நீட்ட வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. திருகைச் சுற்றி ஒரு பள்ளம் ஓடும். கவட்டை மாதிரி ஒரு நெம்புகோலின் இரண்டு கால்களும் அந்தப் பள்ளத்தில் உட்காரும், அதன் மேல்நுனி, பிளேடின் மேல் சேர்த்து இறுக்கியிருக்கும் மேல்தகட்டில் உள்ள துளைக்குள் நுழையும். திருகு நகர்ந்தால் கவட்டை சாயும், கவட்டை சாய்ந்தால் தகடு நகரும். பள்ளத்தில் கொஞ்சம் லொடலொடப்பு, துளையில் கொஞ்சம். இரண்டும் சேர்ந்து என்னுடையதில் முக்கால் சுற்று வெறும் சுற்றாக இருந்தது. மார்க்கரால் திருகில் ஒரு பொட்டு வைத்து எண்ணித்தான் சொல்கிறேன்.

இந்த அமைப்புக்கு அமெரிக்காவில் லெனார்ட் பெய்லி என்பவர் 1860களில் காப்புரிமை எடுத்தார். 1869இல் ஸ்டான்லி கம்பெனி அதை வாங்கியது. நம்மூர்க் கடைகளில் தொங்கும் இரும்பு இழைப்புளிகளில் பெரும்பாலானவை அதன் நகல்கள்தான். பெய்லி மேல் எனக்குக் கோபமில்லை. நல்ல பழைய இழைப்புளியிலும் கால் சுற்று, அரைச் சுற்று வெறுமனே சுற்றத்தான் செய்யும். ஆனால் முக்கால் சுற்று என்பது, பள்ளம் ஒரு அளவிலும் கவட்டை நுனி வேறு அளவிலும் போனதைப் பார்த்துவிட்டும் பெட்டியில் அடைத்து அனுப்பிய சோம்பேறித்தனம்.

இதனால் என்ன ஆகும்? கதவு ஓரத்தில் ஓட்டுகிறேன், தகடு ஆழமாகக் கடிக்கிறது. திருகைப் பின்பக்கம் சுற்றுகிறேன். ஒன்றும் ஆகாது. இன்னும் சுற்றுகிறேன், ஒருவழியாகத் தகடு உள்ளே போகிறது. இரண்டு மூன்று தள்ளல் அருமையாக வரும். அப்புறம் மரச்சுருள் மெலியும், பொடியாகும், கடைசியில் பனிக்கட்டி மேல் போவதுபோல இழைப்புளி வழுக்கிக்கொண்டு போகும். தகடு இன்னும் பின்னால் தள்ளிப்போயிருக்கும். அதன் முதுகைத் தாங்க வேண்டிய இடத்தில் இருப்பது அந்த வெறும் இடைவெளிதானே! பின்னால் எவ்வளவு சுற்றினாலும் கடைசித் திருகல் முன்பக்கமாக, தகட்டைத் தள்ளும் திசையில்தான் முடிய வேண்டும். இது எனக்கு விளங்க ஒரு வருஷம் ஆயிற்று. விளங்கியும் அவசரத்தில் மறந்துபோகிறது.

எங்கள் வீட்டுக்கு நிலை வைக்க வந்த பெரியவர் ஒருவர் நான் திருகிக்கொண்டே இருப்பதைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். "என்ன தம்பி, ரேடியோவுல ஸ்டேஷன் புடிக்கிறீங்களா?" என்றார். நூல் தளர்ந்த பழைய ரேடியோவில் குமிழ் சுற்றும், முள் நகராது. அதேதான் இது. அவர் கையில் மர இழைப்புளி, தகட்டை இறுக்க ஓர் ஆப்பு, அவ்வளவுதான். தகட்டின் தலையில் சுத்தியலால் ஒரு தட்டு, தகடு இறங்கியது. தலைகீழாகத் திருப்பி ஒற்றைக் கண்ணால் அடிப்பாகத்தை நோக்கினார். கூடிப்போயிருந்தது போல. உடம்பின் பின்பக்கம் ஒரு தட்டு, ஆப்பின் மேல் ஒரு தட்டு. நான் இன்னும் வெறும் சுற்றில் இருந்தேன்.

நியாயமாகவும் பேச வேண்டும். அதே பெரியவரின் இழைப்புளிக்கு ஐப்பசி வந்தால் உடம்பு உப்பிவிடும், ஆப்பு வெளியே வராது. அடிப்பாகம் தேயத் தேய, தகடு எட்டிப் பார்க்கும் வாய் அகலமாகிறது. அதற்கு ஒட்டுத்துண்டு வேறு போட்டு வைத்திருந்தார். இரும்புக்கு அந்தத் தொல்லை இல்லை. இரும்புக்குத் துருதான் சனி. எண்ணெய்த் துணியால் துடைக்காமல் ஒரு மழை வாரம் விட்டால் அடிப்பாகத்தில் காவி படர்ந்துவிடும். நான் தேங்காய் எண்ணெய்தான் போடுகிறேன். கடலை எண்ணெய் போட்டுப் பிசுக்குப் பிடித்த அனுபவம் உண்டு. ஓட்டும்போது அடிப்பாகத்தில் மெழுகுவத்தியால் இரண்டு கோடு இழுத்தால் பாதிப் பாரம் குறைந்த மாதிரி இருக்கும்.

வாங்கினால் வந்த கையோடு ஓட்டலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அடிப்பாகம் சமமாக இருக்காது. கண்ணாடித் தகட்டின் மேல் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, அடியில் மார்க்கரால் குறுக்குக் கோடுகள் போட்டுத் தேய்த்தேன். தகட்டை உள்ளே இழுத்து, இறுக்கி வைத்தபடியேதான் தேய்க்க வேண்டும். இறுக்கத்தில் உடம்பு லேசாக வளையும் என்பதால் தகட்டைக் கழற்றிவிட்டுத் தேய்த்தால் வேலை வீண். முன்நுனி, வாய்க்கு முன்னால் உள்ள பட்டை, பின்நுனி, இந்த மூன்றிலும் கோடு அழிந்தால் போதும். நடுவில் பள்ளம் இருந்தால் இருக்கட்டும். எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

இவ்வளவு திட்டினாலும் ஒன்றைச் சொல்லாவிட்டால் பொய்யாகிவிடும். மேல்தகடு என்பது பிளேடு அதிராமல் இருக்க மட்டும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வேப்பம்பலகை ஒன்றில் நார் அங்கங்கே எதிர்த்திசையில் ஓடி, தள்ளும்போதெல்லாம் பிய்ந்து பிய்ந்து வந்தது. ஆத்திரத்தில் மேல்தகட்டின் நுனியைப் பிளேடு முனைக்கு அரை மில்லிமீட்டருக்கும் கிட்டத்தில் கொண்டுபோய் இறுக்கினேன். சுருள் மேலே எழுந்த உடனே அந்த நுனியில் மோதி மடங்கிவிடுகிறது, முன்னால் இருக்கும் நாரைக் கிளப்பிக்கொண்டு போக நேரமே இல்லை. பிய்த்துக்கொண்டிருந்த அதே இடத்தில் விரலை வைத்தால் கண்ணாடி. சுருள் இரண்டு தகட்டுக்கும் நடுவில் சிக்கி அடைத்தால் மேல்தகட்டின் நுனி சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். நான் அதைச் சாணைக்கல்லில் தேய்த்துப் பொருத்தினேன். அன்றைக்கு மட்டும் அந்தத் திருகை மன்னித்தேன்.

திருகுக்கு வைத்தியமும் பார்த்தாயிற்று. என்னுடையதில் கவட்டை எஃகுத் தகடு, வார்ப்பிரும்பு இல்லை. அதனால் போன மாதம் பட்டறையில் கொடுத்து நுனிகளைத் தட்டிப் பரப்பச் சொன்னேன். வார்ப்பிரும்பாக இருந்தால் உடைந்திருக்கும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கூலி 50 ரூபாய். முக்கால் சுற்று அரைச் சுற்றாயிற்று. ஒரு மாதம் நிம்மதி.

அப்புறம் அந்தக் கதவு. முக்கால்வாசி ஓரம் முடிந்தது, மேல்முனைக்குப் போனேன். குறுக்கு நார் என்பதால் ஓரம் பிளக்காமல் இருக்க இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கித் தள்ள வேண்டும். ஆழத்தைக் குறைக்கப் பின்னால் திருகினேன், முன்னால் திரும்பத் திருகி முடிக்க மறந்தேன். இரண்டு தள்ளல் நன்றாக வந்தது. மூன்றாவதில் வழுக்கியது, நான் அழுத்திக் குத்தினேன், கை நழுவிக் கீல்மேல் போய் இடித்தது. கட்டைவிரல் நகம் இப்போது நாவற்பழ நிறத்தில் இருக்கிறது.

நண்பருக்குப் பதில் அனுப்பினேன்: வாங்காதீர்கள். வேப்பம்பலகையில் அவ்வளவு நன்றாக ஓடுமே என்று கேட்டார். ஓடும். தேக்கில் இன்னும் நன்றாக ஓடும். அந்த விலைக்கு அப்படி ஓடுவது வேறு ஒன்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் வாங்காதீர்கள், இந்த வாரம் என்னிடம் கேட்கவும் வேண்டாம். கதவின் கீழ்ப்பக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது, நாளைக்கு அதே இழைப்புளியால்தான் முடிக்கப் போகிறேன்.