ரெஸ்கியூசில்லா: எழுத்துருவோடு திரும்பி வந்த என் கணினி

நான் கோலாலம்பூரின் செந்தூலில் வீட்டிலிருந்தே தமிழ்ப் பக்க அமைப்பு வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா மலர், தமிழ்ப்பள்ளி ஆண்டிதழ், கருமக்கிரியை அறிவிப்பு என்று எது வந்தாலும் செய்து கொடுப்பேன். 1997-இல் ஓர் அச்சகத்தில் தட்டச்சு செய்யச் சேர்ந்தவள், பிள்ளை பிறந்ததும் வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அன்றிலிருந்து செய்த ஒவ்வொரு பக்கமும் என் கணினியில் இருக்கிறது. அதனால்தான் இந்த மென்பொருளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத நினைத்தேன். ரெஸ்கியூசில்லா இலவச மென்பொருள். ஹார்ட் டிஸ்கை அப்படியே படமெடுத்து, அதாவது முழு நகலெடுத்து வைத்து, வேண்டும்போது திரும்ப இறக்கித் தரும்.

“கோப்புகளைப் பென்டிரைவில் இழுத்துப் போட்டால் போதாதா?” என்று பலர் கேட்கிறார்கள். கல்யாணப் படங்களுக்கும் பிள்ளைகளின் பள்ளிப் பாடங்களுக்கும் அது போதும். என் வேலைக்குப் போதாது. 2000-ஆம் ஆண்டையொட்டி நாங்கள் தட்டச்சு செய்ததெல்லாம், இன்று எல்லாக் கணினியிலும் ஓடும் பொதுக் குறியீடான யுனிகோடு இல்லை. முத்து நெடுமாறன் இங்கே மலேசியாவில் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளில் தட்டுவோம், திஸ்கி எழுத்துருவில் சேமிப்போம். திஸ்கியில் தமிழ் எழுத்துகளுக்கென்று தனி இடம் கிடையாது. ஐரோப்பிய மொழிகளின் புள்ளி வைத்த, கோடு போட்ட எழுத்துகள் இருக்கும் இடத்தில் தமிழை உட்கார வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஒரு வரியும் படிக்க முடியாது. வெறும் எழுத்தை யுனிகோடுக்கு மாற்ற வழி உண்டு. பக்க அமைப்பை அப்படியே மாற்ற எளிய வழியில்லை. அதற்குப் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க அமைப்பு மென்பொருள் வேண்டும். 2001-இல் வந்த ஏழாம் பதிப்போடு அதன் வளர்ச்சியே நின்றுபோனது. என்னிடம் இருந்த நிறுவல் வட்டு எப்போதோ கீறி வீணாகிவிட்டது.

ஆகவே எனக்குக் கோப்பு மட்டும் இருந்தால் ஒன்றும் ஆகாது. கோப்பு, எழுத்துரு, விசைப்பலகை, பேஜ்மேக்கர், அச்சுப்பொறி அமைப்பு எல்லாம் ஒன்றாக இருந்தால்தான் பழைய பக்கம் உயிரோடு திறக்கும்.

இதை 2018-இல் பட்டுத் தெரிந்துகொண்டேன். கணினி மந்தமாகிவிட்டது என்று ஒரு கடையில் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து வாங்கி வந்தபோது நன்றாக ஓடியது. ஆனால் என்னைக் கேட்காமலே ஃபார்மட் செய்திருந்தார்கள். “உங்க டாக்குமென்ட் எல்லாம் தனியா எடுத்து வச்சிருக்கோம்” என்றார்கள், அது உண்மைதான். எழுத்துருக்களும் மென்பொருளும் போய்விட்டன. அவற்றை மறுபடி ஒவ்வொன்றாகத் தேடி, பழைய அச்சக நண்பர்களிடம் கேட்டுச் சேர்க்க நான்கு மாதம் ஆனது. இரண்டு எழுத்துருக்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. ஒரு கோயில் மலரின் தலைப்பு அவற்றில் ஒன்றில்தான் இருந்தது.

இந்த முறை டிஸ்கே போகத் தொடங்கியது. பெரிய கோப்பைத் திறந்தால் கணினி அரை நிமிடம் உறையும், உள்ளே லேசாக ஒரு தட்டல் சத்தம் கேட்கும். அண்ணன் மகனைக் கூப்பிட்டேன். அவன் முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சின்ன இலவச மென்பொருளை ஓடவிட்டான். டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் கணக்கை அது காட்டும். நீலத்தில் இருக்க வேண்டிய கட்டம் மஞ்சளாக இருந்தது. கெட்டுப்போன பகுதிகளுக்குப் பதிலாக மாற்றுப் பகுதி எடுத்துக்கொண்ட எண்ணிக்கை ஏறியிருந்தது. படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதி ஒன்றும் இல்லை.

“அத்தை, இன்னும் படிக்குது. இன்னிக்கே எடுத்துடலாம். செக்டிஸ்க் மட்டும் ஓட்டிடாதீங்க” என்றான்.

நான் அதைத்தான் செய்ய இருந்தேன். டிஸ்க் சாகும் நிலையில் இருக்கும்போது, விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவியான செக்டிஸ்க் அதைப் போட்டு உருட்டும், பழுது பார்க்கிறேன் என்று எழுதவும் செய்யும். முதலில் நகல் எடுக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. வீட்டில் கணினி வைத்திருக்கிற எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, ரெஸ்கியூசில்லாவுக்கு வருகிறேன். தைவானின் ஒரு தேசியக் கணினி ஆய்வு மையத்தில் உருவான குளோன்சில்லா என்ற மென்பொருள் வெகுகாலமாக இருக்கிறது. திறமையானது. ஆனால் கறுப்பும் நீலமுமான எழுத்துத் திரையில் கேள்வி மேல் கேள்வி கேட்கும். ஒரு பதில் தவறினால் எந்த டிஸ்கின் மேல் எது ஏறும் என்று எனக்குப் பயம். ரெஸ்கியூசில்லா அதே வேலையைச் சுட்டியால் அழுத்திச் செய்யும்படி முகப்பு போட்டுத் தருகிறது. இதில் எடுத்த படத்தைக் குளோன்சில்லாவிலும் திறக்கலாம். நாளைக்கு இந்த மென்பொருளே இல்லாமல் போனாலும் என் நகல் வீணாகாது. நின்றுபோன மென்பொருளால் அடிபட்ட எனக்கு இது பெரிய ஆறுதல்.

விண்டோஸுக்குள் இது ஓடாது. பதிவிறக்கிய கோப்பை பலேனாஎட்சர் அல்லது ரூஃபஸ் கொண்டு ஒரு பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்க வேண்டும். 4 ஜிகாபைட் பென்டிரைவ் தாராளம். அதில் இருந்ததெல்லாம் அழிந்துவிடும், கவனம். கணினி திறக்கும்போது எஃப்12 தட்டினால் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கும். சில கணினிகளில் எஃப்2, சிலவற்றில் எஸ்கேப்.

நாங்கள் முதலில் தடுக்கியது இங்கேதான். நகல் எடுக்கச் சொன்னதும் சி பகுதியைத் தொட மாட்டேன் என்றது. காரணம் விண்டோஸின் வேகத் தொடக்க வசதி. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து “ஷட் டவுன்” கொடுத்தாலும் கணினி முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் போகிறது. தூங்குகிற டிஸ்கை நகலெடுப்பது பாதுகாப்பில்லை என்று ரெஸ்கியூசில்லா மறுத்தது சரிதான். மறுபடி விண்டோஸுக்குள் போய், ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே ஷட் டவுன் கொடுத்தோம். அப்படிச் செய்தால் முழுதாக அணையும். அதன்பின் தடையில்லை.

உள்ளே வந்தால் ஐந்து பெரிய பொத்தான்கள்: நகலெடு, திரும்ப இறக்கு, டிஸ்குக்கு டிஸ்க் பிரதியெடு, படத்தைச் சரிபார், படத்துக்குள் பார். எந்த டிஸ்கிலிருந்து, எந்தப் பகுதிகள், எந்த டிஸ்குக்கு, எந்த அடைவில், என்ன பெயர் என்று ஒவ்வொரு திரையிலும் ஒரே ஒரு கேள்வி. டிஸ்கின் பெயரையும் அளவையும் சேர்த்தே காட்டுகிறது. அதனால் வெளி டிஸ்கையும் உள் டிஸ்கையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு குறைவு. எழுதத் தொடங்கும் முன் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் மறுபடி காட்டி ஒப்புதல் கேட்கிறது. அந்தப் பக்கத்தை நான் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.

என் டிஸ்க் 1 டெராபைட். அதில் நிறைந்திருந்தது 210 ஜிகாபைட். காலியிடத்தை விட்டுவிட்டு நிறைந்ததை மட்டும் எடுத்துச் சுருக்கியதால், படம் 142 ஜிகாபைட்டில் முடிந்தது. ஒரு மணி இருபது நிமிடம். அதன்பின் சரிபார்க்கும் பொத்தானை அழுத்தினேன். அதற்கும் அரை மணி போனது. ஆனாலும் அதைத் தாண்டிப் போகாதீர்கள்.

மறுநாள் புதிய டிஸ்க் வாங்க எல்ஆர்டி ரயில் ஏறி, ஹங் துவாவில் மோனோரயில் மாறி, இம்பியில் இறங்கி, கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போனேன். எஸ்எஸ்டி என்ற, சுழலும் பாகம் இல்லாத புதுவகை டிஸ்க் விற்ற பையன் மலாயில் பேசினான். “ஆண்டி, 480 ஜிகாபைட் போதும், நீங்கள் பயன்படுத்துவதே 210 தானே” என்றான். நல்ல மனதோடுதான் சொன்னான். ஆனால் ரெஸ்கியூசில்லா, பழைய டிஸ்குக்குச் சமமான அல்லது பெரிய டிஸ்கில்தான் இறக்கித் தரும். உள்ளே எவ்வளவு காலியாக இருந்தாலும் கணக்கு டிஸ்கின் முழு அளவுக்குத்தான். 500 ஜிகாபைட் பழைய டிஸ்க் வைத்திருப்பவர்கள் 480 எஸ்எஸ்டியை வாங்கி வந்து மாட்டிக்கொள்வது வழக்கமாம். அதை அண்ணன் மகன் முன்பே சொல்லியிருந்தான். எனவே 2 டெராபைட் இல்லை, 480-உம் இல்லை என்று 1 டெராபைட்டே வாங்கினேன். 1 டெராபைட் டிஸ்குகள் எல்லாமே ஒரே அளவா என்று கேட்டு, பெட்டியில் எழுதியிருந்ததையும் பார்த்துக்கொண்டேன். 300 ரிங்கிட்டுக்குள் முடிந்தது.

பழைய டிஸ்கைக் கழற்றி ஒரு உறையில் போட்டு மேசை இழுப்பறைக்குள் வைத்தோம். இரண்டையும் ஒன்றாக மாட்டிக்கொண்டு விண்டோஸைத் திறக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருப்பதால் விண்டோஸ் குழம்பும். புதியதை மாட்டினோம், திரும்ப இறக்கச் சொன்னோம். ஐம்பது நிமிடத்தில் முடிந்தது என்று திரை சொன்னது. பென்டிரைவை உருவிவிட்டுக் கணினியைத் திறந்தேன்.

அதே பின்னணிப் படம், அதே இடத்தில் அதே அடைவுகள். பேஜ்மேக்கரைச் சொடுக்கி, 2003-இல் செய்த ஒரு தைப்பூச மலரைத் திறந்தேன். வேலும் மயிலும் இருந்த இடத்தில் இருந்தன, ஒரு சுழியும் கொம்பும் நகரவில்லை. மூன்று பத்தியும் வரிக்கு வரி அப்படியே நின்றன. நான் வாய்விட்டு முருகா என்றேன். அண்ணன் மகன் என் தோளைத் தட்டிவிட்டுத் தேநீர் கேட்டான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் முழு டிஸ்கையும் எடுக்க வேண்டும். போன வாரத்துக்குப் பிறகு மாறியதை மட்டும் எடு என்று சொல்ல வழியில்லை. இரவு இரண்டு மணிக்குத் தானாக எடு என்றும் சொல்ல முடியாது. கணினியை அணைத்து, பென்டிரைவ் மாட்டி, நாமே உட்கார வேண்டும். தினசரி வேலைக்கு இது பொருந்தாது. அதற்கு விண்டோஸிலேயே இருக்கும் ஃபைல் ஹிஸ்டரியை வெளி டிஸ்கில் ஓடவிட்டிருக்கிறேன்.

டிஸ்க் ஏற்கெனவே படிக்க மறுக்கும் நிலைக்குப் போயிருந்தால் இதை முதலில் நம்பாதீர்கள். அதற்கு டிடிரெஸ்கியூ என்ற வேறு கருவி இருக்கிறது. நல்ல பகுதிகளை முதலில் வாரிக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். விலைமதிப்பற்றது உள்ளே இருந்தால் தரவு மீட்பு நிபுணரிடமே கொடுங்கள்.

புதுக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலும் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டுவிடுகிறது. பூட்டிய பகுதியில் எது நிறைந்தது, எது காலி என்று ரெஸ்கியூசில்லாவுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் நகலெடுக்கும். 512 ஜிகாபைட் டிஸ்க் என்றால் படமும் ஏறக்குறைய அதே அளவு, சுருங்கவும் சுருங்காது. அண்ணன் மகனின் மடிக்கணினியில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். பூட்டைத் திறக்கும் 48 இலக்க எண்ணை இப்போதே உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடி ஒரு தாளில் எழுதி வையுங்கள். டிஸ்க் மாற்றும் நாளில் கணினி அதைக் கேட்கலாம்.

என் கணினி பழையது, விண்டோஸ் 11 ஏற்காது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 14 அக்டோபர் 2025 அன்று முடிந்தது. ஆகவே இணையக் கம்பியை உருவிவிட்டேன். அது இனி பேஜ்மேக்கருக்கு மட்டும். மின்னஞ்சல், வாட்ஸ்அப் எல்லாம் வேறு கணினியில்.

படத்தை இரண்டு வெளி டிஸ்குகளில் வைத்திருக்கிறேன். ஒன்று என் அலமாரியில். மற்றது தங்கை வீட்டில், ரவாங்கில். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் எங்கள் உறவினர் ஒருவர் கணினியையும் வெளி டிஸ்கையும் ஒரே மேசையில் வைத்திருந்தார். கூரை வரை ஏறிய தண்ணீர் இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோனது. அவர் மகள் திருமணப் படங்கள் அதில்தான் இருந்தன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தங்கையைப் பார்க்கப் போகும்போது புதிய படத்தைக் கொண்டுபோய் வைத்துவிட்டுப் பழையதை எடுத்து வருகிறேன்.

போன வாரம் பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். கணவர் தவறி ஒரு மாதம் ஆகிறது. 2005-இல் அவருடைய அறுபதாம் கல்யாணத்துக்கு நான் செய்த அழைப்பிதழ் இருக்குமா என்று கேட்டார். அதில் கணவரே எழுதிய எட்டு வரி வெண்பாவை அச்சிட்டிருந்தோம், அவரிடம் ஒரு பிரதிகூட இல்லையாம். தேடி எடுக்க இரண்டு நிமிடம்தான் ஆனது. பழைய மஞ்சள் அட்டையே இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதிலேயே பத்துப் பிரதி அச்சிட்டுக் கொடுத்தேன்.