'300+300 வாட்ஸ்' மினி ஆம்ப்: வாங்குமுன் அடாப்டரைப் பாருங்கள்

ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர், சுருக்கமாக ஆம்ப்: கையடக்க அலுமினியப் பெட்டி, முன்னால் ஒரு வால்யூம் குமிழ், புளூடூத், நீல விளக்கு. ஆன்லைனில் போட்டிருந்தது "300+300 வாட்ஸ் ஹைஃபை, டிபிஏ3116 சிப்". பார்சலில் வந்தது 24 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர். புரட்டு அங்கேயே வெளுத்துவிட்டது. 24-ஐ 2-ஆல் பெருக்குங்கள், 48 வாட்ஸ். அடாப்டர் தருவதே 48 என்றால் ஸ்பீக்கருக்கு 600 எங்கிருந்து வரும்? இது கிளாஸ் டி என்ற வகை ஆம்ப், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது, ஆனாலும் இரண்டு பக்கமும் சேர்த்து 40 வாட்ஸை ஒட்டித்தான் தொடர்ந்து கொடுக்க முடியும்.

இரண்டாவது கணக்கும் எளிது. 8 ஓம் ஸ்பீக்கரில் 300 வாட்ஸ் வேண்டுமென்றால் முனைகளில் 49 வோல்ட் ஏசி வர வேண்டும். 24 வோல்ட் சப்ளையில் ஓடும் இந்த வகை ஆம்பில் சுத்தமான சைன் அலை 17 வோல்ட்டைத் தாண்டவே தாண்டாது. அது 36 வாட்ஸ், அதுவும் ஏட்டுக் கணக்கில்.

அளந்து பார்த்தபோது இன்னும் குறைவு. ஸ்பீக்கருக்குப் பதிலாக இரண்டு பக்கமும் 8 ஓம், 100 வாட்ஸ் ரெசிஸ்டர் மாட்டி, போனிலிருந்து 100 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து, வால்யூமை மெல்ல ஏற்றினால் 12.4 வோல்ட் வரை போகிறது. அதற்கு மேல் அடாப்டர் தாங்காமல் அணைந்து அணைந்து எரிகிறது. 12.4-ஐ வர்க்கித்து 8-ஆல் வகுத்தால் பக்கத்துக்கு 19 வாட்ஸ். இந்தச் சோதனையைப் பத்து விநாடிக்குள் முடித்துவிடுங்கள், ரெசிஸ்டர் கை சுடும். ஆசிலாஸ்கோப் (மின் அலையைத் திரையில் காட்டும் கருவி) வைத்திருப்பவர்கள் அதன் கிரவுண்ட் கிளிப்பை ஸ்பீக்கர் முனையில் மாட்டவே கூடாது. இந்த ஆம்ப்களில் ஸ்பீக்கர் மைனஸ் என்பது கிரவுண்ட் அல்ல, அதிலும் சிக்னல் ஓடுகிறது. இடது வலது மைனஸ்களைச் சேர்த்து முறுக்கினாலும் சிப் போய்விடும்.

மூடியைக் கழற்றினால்தான் பெரிய அநியாயம். ஹீட்சிங்கை, அதாவது சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டை, மெதுவாகப் பெயர்த்துப் பார்த்தால் சிப்பின் மேல் 3116 இல்லை, 3118 என்று இருக்கிறது. ஒரே குடும்பம்தான், ஆனால் 3116-க்குச் சூட்டை இறக்கும் உலோகத் தகடு மேல்பக்கம்; 3118-க்கு அடிப்பக்கம், சூடு போர்டின் செம்புக்குள் இறங்க வேண்டும். மேலே இருப்பது வெறும் பிளாஸ்டிக். அதன்மேல் ஹீட்சிங்க் ஒட்டியது கண்துடைப்பு. சத்தமாகக் கொஞ்ச நேரம் ஓடினால் சிப் சூடேறித் தன்னை அணைத்துக்கொள்ளும், பாட்டு பாதியில் நின்றுபோகும். 3116-க்கே அதைத் தயாரிக்கும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தரும் கணக்கு 21 வோல்ட், 4 ஓமில் பக்கத்துக்கு 50 வாட்ஸ்தான். அதுவும் 10 சதவீத டிஸ்டார்ஷனோடு, அதாவது ஒலிச் சிதைவோடு. காதுக்கே கரகரப்பு தெரியும் அளவு அது.

சப்ளை கெபாசிட்டர்களையும் பாருங்கள். 24 வோல்ட் ஓடும் இடத்தில் 25 வோல்ட் மட்டுமே தாங்கும் கெபாசிட்டர். சூடும் சேர்ந்தால் தலை உப்பிவிடும். அங்கே 35 வோல்ட் இருந்திருக்க வேண்டும். வால்யூம் கன்ட்ரோலும் மட்டம். இரவில் குறைத்து வைத்துக் கேட்டால் இடப்பக்கம் தேய்ந்து வலப்பக்கம் மட்டும் பாடுகிறது.

புகாருக்கு விற்றவர் முதலில் சொன்னது "ஸ்பீக்கரை மாற்றிப் பாருங்கள்". அடுத்து "அடாப்டரை மாற்றுங்கள்". கடைசியில் "300 என்பது பிஎம்பிஓ", அதாவது கணநேர உச்ச வாட்ஸ். இந்தப் பேச்சிலேயே ரிட்டர்ன் நாட்கள் ஓடிவிட்டன. பிஎம்பிஓ-வுக்கு எந்தத் தர அளவும் கிடையாது, எந்த எண்ணையும் எழுதிக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஆம்ப் வாட்ஸை எப்படிச் சொல்ல வேண்டும் என்று 1974 முதலே விதி இருக்கிறது. 2024-இல் திருத்தியபின் 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ், 1 சதவீதத்துக்குள் டிஸ்டார்ஷன் என்று கறாராகவே கேட்கிறது. நீங்களும் அதையே கேளுங்கள்: எத்தனை ஓமில், எவ்வளவு டிஸ்டார்ஷனில், இரண்டு பக்கமும் ஓடும்போது எத்தனை வாட்ஸ்?

19 வாட்ஸ் குறைவு என்பதல்ல வருத்தம். 87 டெசிபல் சென்சிட்டிவிட்டி (ஒரு வாட்ஸுக்கு ஒரு மீட்டரில் வரும் சத்தம்) உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கருக்கு 20 வாட்ஸ் போனால் ஒரு மீட்டரில் 100 டெசிபல். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு அது தாராளம். 19-ஐ 19 என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றிருந்தால் நல்ல பொருள் என்றே எழுதியிருக்கலாம். 300-ஐ நம்பி ஒரு பக்கத்துக்கு இரண்டு ஸ்பீக்கரைப் பேரலலாக மாட்டி ஓமைப் பாதியாக்குகிறவர்தான் சிப்பையும் ட்வீட்டரையும் (உச்ச ஒலி தரும் சிறு ஸ்பீக்கர்) சேர்த்து இழக்கிறார்.

அடாப்டரின் ஸ்டிக்கரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு, எந்தப் பொருளுக்கு என்று தெரியும். இந்தப் பெட்டியோடு வந்த அடாப்டரில் எண்ணே இல்லை.

ஆர்டர் போடும் அன்றே விற்பனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், பிறகு வாசகத்தை மாற்றிவிடுகிறார்கள். பிரிக்கும்போது அடாப்டர் ஸ்டிக்கர் தெரியும்படி வீடியோ எடுங்கள். மூடியைத் திறக்காதீர்கள், அதைக் காட்டியே திருப்பி எடுக்க மறுப்பார்கள். கணக்குப் போட ஸ்டிக்கரே போதும். ரிட்டர்ன் கோரிக்கையில் "சத்தம் குறைவு" என்று எழுதாமல் "விளம்பரத்தில் 600 வாட்ஸ், அடாப்டர் 48 வாட்ஸ்" என்று எழுதுங்கள். மறுத்தால் 1915-ஐ அழைத்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.